தங்கம் டீச்சரின் ஒடுங்காத உடுப்புகள்

தங்கம் டீச்சர் துவைத்துப் போட்ட நைட்டி காய்ந்த பிறகும் ஒடுங்காமல், தோள் இருந்த இடத்தில் தோளும் மார் இருந்த இடத்தில் மாரும் வயிறு இருந்த இடத்தில் வயிறுமாகக் கொடியில் நிறைந்து நின்ற காலையில், சங்கரன்கோவில் புதுமனைத் தெருவில் யாரும் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரவில்லை. எதிர்வீட்டுச் சங்கரவடிவு வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏட்டி தங்கம், கொடி அறுந்துரப் போவுது, எறக்கி உக்கார வை" என்றாள். மிச்சமிருந்த தண்ணீரையும் தெளித்துவிட்டு உள்ளே போனாள்.

தங்கமும் அப்படியே செய்தாள். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து இறக்கியபோது அது ஒரு சிப்பம் அரிசியின் கனம் கனத்தது. தலையில்லை, கையில்லை, காலில்லை. கழுத்துப்பட்டி வழியாக எட்டிப் பார்த்தால் துணியின் உட்புறம் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனாலும் நாற்காலியில் வைத்ததும் இடுப்பை மடக்கி, மடியை விரித்து, அவள் எப்படி உட்காருவாளோ அப்படியே உட்கார்ந்தது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. சோப்பு வாசத்துக்கு அடியில் அவளுடைய வியர்வை வாசம் அப்படியே இருந்தது.

ஆவுடைத்தங்கம் என்பது முழுப்பெயர். தெருமுனை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லி, சோறூட்டி, மத்தியானம் தூங்கவைக்கிற வேலை என்பதால் ஊருக்கெல்லாம் அவள் டீச்சர். நாற்பதைத் தாண்டியவள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது அவள் பாவாடை தாவணியில் இருந்தாள், தம்பி கொம்பையா இன்னும் சட்டைப் பித்தான் போடத் தெரியாதவனாக இருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு அவள்தான் எல்லாம். அந்த நாளிலிருந்தே அவளுடைய உடம்பும் பெருகத் தொடங்கியது. என்ன தின்றாள், எப்போது தின்றாள் என்று யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் குளம் பெருகுவதுபோல, நாலு பேர் இருந்த வீட்டில் இரண்டு பேராகிப்போன வெறும் இடத்தையெல்லாம் அடைப்பதுபோல, அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டே வந்தது. பஸ்ஸில் அவள் உட்கார்ந்த சீட்டில் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மட்டும் அவள் உடம்பின்மேல் எந்தப் புகாரும் இல்லை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு பட்டாளமே அவள் மடியிலும் தொடையிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு உறங்கும்.

துணிக்கடை என்றால்தான் அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். படியேறும்போதே கடைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "சேலை அந்தப் பக்கம்க்கா" என்பார்கள், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. ரெடிமேட் பக்கம் அவள் போவதில்லை. ஒருமுறை போய்க் கேட்டபோது, ஒருவன் அளவு நாடாவை எடுத்து அவள் கண்முன்னாலேயே அதன் நுனிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் சுருட்டி வைத்தான். அன்றிலிருந்து இரண்டு நைட்டியைப் பிரித்து ஒன்றாகத் தைத்து உடுத்திக்கொள்ளப் பழகினாள். கொடியில் நிறைந்து நின்றது அப்படித் தைத்த ஒன்றுதான்.

கொம்பையா மைக்செட் வைத்திருந்தான். கல்யாண வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் பனைமரத்திலும் ஏறுகிறவன், ஒருநாள் வீட்டுப் படியேற மூச்சு வாங்கி நின்றான். முகம் வீங்கியது, கால் வீங்கியது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினோடு படுத்துக் கிடந்தான். தங்கம் யாரையும் கேட்கவில்லை. திருநெல்வேலிக்குப் போய்த் தன் கையை நீட்டினாள். ரத்தம் ஒத்துப்போயிற்று. டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மேசைமேல் இரண்டு கையையும் கோத்துக்கொண்டு சொன்னார்.

"உங்க கிட்னி தம்பிக்கு நல்லாப் பொருந்தும். ஆனா இந்த உடம்போட உங்கள நான் ஆபரேஷனுக்கு ஏத்த முடியாது. உங்க உயிருக்கு ஆபத்து. உடம்புல பாதியக் குறைச்சிட்டு வாங்க."

"அந்தப் பாதிய எங்க டாக்டர் வைக்க?" என்று தங்கம் கேட்டாள்.

அவள் தெரியாமல்தான் கேட்டாள். டாக்டரம்மா அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். பின்னாளில் இதெல்லாம் எதனால் நடந்தது என்று கேட்டவர்களுக்கு, தெரு இந்த ஒரு கேள்வியைத்தான் எடுத்துச் சொன்னது. கேட்ட கேள்விக்கு ஆஸ்பத்திரியில் பதில் சொல்லாமல் விட்டார்கள், அதனால் உடம்பு தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டது என்று சங்கரவடிவு சொல்வாள்.

விடிந்தும் விடியாமலும் தங்கம் நான்கு ரத வீதியையும் சுற்றி நடந்தாள். சோற்றை விட்டாள், சீனியை விட்டாள், பிள்ளைகள் தின்று மிச்சம் வைத்த சத்துமாவு உருண்டையை வாயில் போடும் பழக்கத்தை விட்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உடம்பு, பூட்டிய வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாக வெளியே வருவதுபோல, இறங்கத் தொடங்கியது. அப்போதுதான் அந்த நைட்டி கொடியில் நின்றது. அதை மறுபடி உடுத்தப் பார்த்தாள், முடியவில்லை. ஏற்கெனவே ஆள் இருக்கிற உடுப்புக்குள் இன்னோர் ஆள் நுழைய இடமேது. பீரோவில் இருந்த மற்ற நைட்டிகளும் ரவிக்கைகளும் அவளை உதறிவிட்டுத் தோளிலிருந்து வழுக்கி விழுந்தன. மாற்றுக்கு ஒன்றும் இல்லாமல் போனதால், ஒரு சாயங்காலம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு தெற்கு ரத வீதி மீனலோசனி ரெடிமேட்ஸ் படியேறினாள்.

சுடிதார்ப் பகுதியில் எஸ்தர் நின்றாள். காலில் வீக்கத்தோடு நாள் முழுக்க நிற்கிறவள், அதனால் மற்றவர்களின் உடம்பைப் பார்த்து முகம் சுளிக்கிற தெம்பு அவளுக்கு இல்லை. "நடக்கதுக்கு ஒண்ணு வேணும். என் அளவுக்கு இருக்காதுன்னு தெரியும்" என்று தங்கம் தொடங்கினாள்.

"யாரு சொன்னா? இருங்க" என்று எஸ்தர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டில் யாரும் கேட்காமல் தூசி படிந்து கிடந்த ஒரு பச்சைச் சுடிதாரை எடுத்து உதறினாள். "இது வந்ததுல இருந்து இங்கதான் கெடக்கு. உங்களுக்காவத்தான் கெடக்கு போல."

உடுப்பு மாற்றும் அறையின் கண்ணாடி முன்னால் தங்கம் முதல்முறையாக நின்றாள். கடையில் வாங்கிய உடுப்பு ஒன்று, பிரித்துத் தைக்காமல், ஒட்டுப் போடாமல், அவளுடைய தலைவழியாக இறங்கி இடுப்பைத் தாண்டிப் போயிற்று. அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. எஸ்தர் கதவைத் தட்டவில்லை.

அந்தப் பச்சையும் கொஞ்ச நாளைக்குத்தான் ஆயிற்று. அது தொளதொளத்துத் தோளைவிட்டு இறங்கியபோது தங்கம் மறுபடி கடைக்குப் போனாள். எஸ்தர் கொடுத்த நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு திரும்பினால், கழற்றிப் போட்ட பச்சை தரையில் கிடக்கவில்லை. சுவரோரம் சாய்ந்து, நைட்டியைவிடக் கொஞ்சம் சிறிய ஓர் ஆளாக உட்கார்ந்திருந்தது. எஸ்தர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"கவர்ல அடங்காதேக்கா. ஆட்டோ பிடிக்கவா?" என்றாள்.

அடுத்த முறை தங்கம் போவதற்குள் கடை முதலாளி அந்த அறையில் சுவரில் முதுகு சாய்கிறபடி ஸ்டூல் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். தரையில் உட்காரவைப்பது மரியாதையாக இல்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

இப்படி ஒவ்வோர் அளவிலும் ஓர் ஆளை விட்டுவிட்டு அவள் அடுத்த அளவுக்குள் போய்க்கொண்டிருக்க, ஊர் அந்த உடுப்புகளோடு பழகிக்கொண்டது. முதல் வாரம் எட்டிப் பார்த்தார்கள், இரண்டாம் வாரம் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு அவை கோயில் யானையைப்போல, மணிக்கூண்டைப்போல ஊரில் உள்ள ஒன்றாகிவிட்டன. மினிபஸ் கண்டக்டர், மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் இல்லை, சீட்டில் வைத்தால் டிக்கெட் உண்டு என்று ஒரு முடிவு சொன்னார், அதை யாரும் மறுக்கவில்லை. பச்சை, அங்கன்வாடிக்குப் போயிற்று. தங்கம்தான் ஒருநாள் கொண்டுபோய்ப் பாயில் உட்காரவைத்தாள், மத்தியானத்தில் பிள்ளைகள் சாய்ந்துகொள்ளட்டும் என்று. நீலம், கொம்பையா படுத்துக் கிடக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பகலில் அவளால் கூட இருக்க முடியாததால் கட்டிலுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தது. நோயாளிக்குத் துணை ஒருவர்தான் என்று சட்டம் பேசுகிற நர்சம்மாவே, அடுத்தடுத்த கட்டில்காரர்கள் குளிர் தாங்காமல் நடுங்கும்போது அதை நகர்த்தி நகர்த்தி அவர்கள் பக்கத்தில் வைத்தார். யாருடைய கை பட்டாலும் அது சூடாக இருந்தது. ஒரு பெரியவர் அதன் தோளில் சாய்ந்துகொண்டே கண்ணை மூடினார், திறக்கவில்லை. வலியில்லாமல் போனார் என்று அவருடைய மகள் தங்கத்தின் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நைட்டி மட்டும் வீட்டிலேயே இருந்தது. அதைக் கொம்பையா யாருக்கும் விடவில்லை.

கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு சுடிதார் வீட்டில் சேர்ந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோக்காரர் கணேசமூர்த்தி வந்தார். ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். தங்கத்துக்கு அவரைத் தெரிந்தது. பல வருஷத்துக்கு முன்னால் தன் தாயோடு அவளைப் பெண் பார்க்க வந்தவர். அவள் காப்பித் தட்டோடு வந்து நின்றபோது அந்தத் தாய் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வெளியே இறங்கும்போது எல்லார் காதிலும் விழும்படி, "இதுக்கு மேடை தாங்காது" என்றாள். அவர் தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உக்காருங்க" என்றாள் தங்கம்.

அவர் உட்காரவில்லை. "வீட்டுல காய்ச்சல்ல போயிட்டா டீச்சர். போன தைக்கு முன்னால. பாப்பா உறங்க மாட்டேங்கா. நான் படுக்கவச்சாலும் உறங்கல, எங்க அம்மா படுக்கவச்சாலும் உறங்கல. ஆஸ்பத்திரில சவாரி எறக்கும்போது அந்த நீலத்தப் பாத்தேன்." தோளிலிருந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒண்ணு தந்தீங்கன்னா கண்ணு மாதிரி வச்சுக்கிடுவேன்."

"பிள்ளைக்கு என்ன பேரு?"

"கனிஷ்கா. நாலு வயசாவுது."

தங்கம் உள்ளே போனாள். மஞ்சள் சுடிதார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். மேடை தாங்காது என்று சொன்ன அந்த வீட்டுக்குத் தன் உடம்பு போகப்போகிறது, அதுவும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்பது அவளுக்குச் சந்தோஷமாக இல்லை, கோபமாகவும் இல்லை. நான்கு வயசுப் பிள்ளை உறங்காமல் விழித்துக்கொண்டு படுத்திருப்பதுதான் கண்ணுக்குள் நின்றது. அவர் ஒருபக்கமும் அவள் ஒருபக்கமும் தாங்கிக்கொண்டு போய் ஆட்டோவின் பின்சீட்டில் வைத்தார்கள். திருப்பத்தில் சாய்ந்துவிடாமல் இருக்க அவர் தன் தோளிலிருந்த துண்டை அதன் இடுப்பில் சுற்றிக் கம்பியோடு கட்டினார். வண்டி மெதுவாகப் போயிற்று. பள்ளம் வந்த இடத்தில் நின்று, ஏறி, மறுபடி மெதுவாகப் போவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

இவ்வளவும் நல்லதுக்குத்தான் நடந்தது. ஆனால் தங்கத்துக்கு நாளாக நாளாக ஒரு வெறுமை தட்டியது. அவளைக் கண்டால் ஒதுங்கியவர்கள் எல்லாரும் இப்போது அவள் கழற்றிப் போட்டவற்றின்மேல் சாய்ந்துகொண்டார்கள், அவள்மேல் சாய யாருமில்லை. எலும்பு துருத்திய தோளும் ஒட்டிப்போன கன்னமுமாக அவள் தெருவில் நடந்தால் பழகியவர்களே சட்டென்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அங்கன்வாடியில் மத்தியானம் பாயை விரித்ததும் பிள்ளைகள் பச்சையைப் பார்த்து ஓடின. ஒரு பையனை அவள் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் நெளிந்து இறங்கினான்.

"எங்க ஓடுத, டீச்சர்ட்ட உறங்கு."

"நீங்க டீச்சர் இல்ல. டீச்சர் அங்க இருக்காவ" என்று சொல்லிவிட்டு அவன் போய்ப் பச்சையின் வயிற்றில் முகத்தைப் புதைத்தான். பச்சைக்குப் பாட்டு வராது. அதனால் தங்கம் சுவரோரம் உட்கார்ந்து தாலாட்டைப் பாட, பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பச்சை பாடுவதாக நினைத்துக்கொண்டு உறங்கின.

மீனலோசனியில் எஸ்தர் அளவு கேட்பதையே நிறுத்தியிருந்தாள், பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த மாதம் அவள் எடுத்துக் கொடுத்த ஊதா நிறச் சுடிதார், கடை வாசலில் எல்லார் கண்ணுக்கும் படும்படி பொம்மைக்கு மாட்டி வைக்கிற அளவு. தங்கம் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். யாரோ ஒருத்தி எதிரே நின்று அவளையே பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா" என்றாள் எஸ்தர்.

"யாருக்கு?" என்று தங்கம் கேட்டாள். எஸ்தர் பக்கத்தில் வந்து, கழுத்துக்குப் பின்னால் மடங்கியிருந்த பட்டியை நிமிர்த்திவிட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒருநாள் அங்கன்வாடியில் தண்ணீர் வராததால் தங்கம் சீக்கிரமே வீடு திரும்பினாள். கதவு சாத்தியிருக்கவில்லை. கொம்பையா தரையில் படுத்து, நைட்டியின் மடியில் தலையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றாள்.

"அக்காட்ட சொல்லிராத" என்று அவன் நைட்டியிடம் சொன்னான். "எனக்கு வேண்டாம்னு இருக்கு. அவ எனக்காவ உருகிக்கிட்டே போறா. பாக்கவே சகிக்கல. இன்னும் அறுத்து எடுக்கது வேறயா? நான் இப்படியே போயிட்டேன்னா அவளாவது நாலு வாய் சோறு திம்பா. ஆபரேஷன் நாள் வந்ததும் எங்கயாவது போயிரலாம்னு நெனைக்கேன். நீ வருவியா எங்கூட?"

நைட்டி வழக்கம்போலப் பேசாமல் உட்கார்ந்திருந்தது. தங்கம் உள்ளே வந்து அவன் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. கையால் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"அதுட்ட சொன்னா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியால?"

"நீ வேலைல இருக்கன்னு நெனச்சேன்."

"அதுவும் நாந்தாம்ல."

"இல்லக்கா. அது ஒண்ணும் சொல்லாது. நீ சொல்லுவ."

"ஆமா, சொல்லத்தான் செய்வேன்." அவள் அவனுடைய வீங்கிய பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எல்லாம் ஒனக்காவன்னு ஒம்பாட்டுக்கு நெனச்சுக்கிடாத. மொதல்ல ஒனக்காவத்தான் நடந்தேன். இப்ப அப்படி மட்டும் இல்ல. நாலு ரத வீதியையும் மூச்சு வாங்காம சுத்தி வாரேன் கேட்டியா. கடைக்குப் போனா யாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. கண்ணாடில நிக்கது யாருன்னு தெரியாமப் பயமாத்தான் இருக்கு. ஆனா அவ யாருன்னு பாத்துரணும்னும் இருக்கு. அத நீ கெடுத்துராத."

கொம்பையா கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தான். வெகுநாளாக அவன் அவளை நேராகப் பார்த்திருக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். பயந்துக்கிட்டே வா. நானும் அப்படித்தான் வாரேன்."

அவன் நைட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை, காலையும் அவள் மடியிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு பேர் மடியிலுமாகப் படுத்து அப்படியே உறங்கிப்போனான்.

ஐப்பசி மழையில் ஆபரேஷன் நடந்தது. அக்காளையும் தம்பியையும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுக்கவைத்து, அவளுடைய இடது விலாவுக்குக் கீழே திறந்து எடுத்து அவனுக்கு வைத்தார்கள். சங்கரவடிவுதான் கூடப் போயிருந்தாள். மயக்கம் தெளிந்து தங்கம் கண்ணைத் திறந்தபோது, "ஒந்தம்பிக்கு ஒண்ணுக்கு வந்துட்டுட்டி" என்று அவள் காதோரம் குனிந்து சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வீடு வந்து சேர்ந்தபோது நைட்டி நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்திருந்தது. தோள் இறங்கியிருந்தது. மறுநாள் கழுத்தோரம் ஒரு மடிப்பு விழுந்தது. கொம்பையாவுக்கு மெல்ல முகம் தேறியது, கன்னம் பூரித்தது, கழுத்து பருத்தது. மாத்திரை அப்படித்தான் உடம்பு போடவைக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தெரு அதையும் கேட்டுக்கொண்டது, தனக்குத் தெரிந்ததையும் வைத்துக்கொண்டது. அவன் ஒரு சுற்றுப் பருக்கும்போதெல்லாம் ஊரில் எங்கோ ஒரு மடி வற்றியது. நைட்டி ஒருநாள் மத்தியானம் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு மடங்கி, நாற்காலியில் வெறும் துணியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் நீலம் ஒடுங்கியபோது நோயாளிகள் அதை மடித்துத் தலைக்கு வைத்துக்கொள்ள நர்சம்மாவிடம் கேட்டு வாங்கி, முறைவைத்துக்கொண்டார்கள். அங்கன்வாடியில் பச்சையைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் அழுதன.

இதற்குத் தலை முழுக வேண்டுமா வேண்டாமா என்று தெருவில் பேச்சு வந்தது. இவ்வளவு நாள் நம்மைத் தாங்கின உடம்பு போயிருக்கிறது, முழுகத்தான் வேண்டும் என்று சிலர் குளித்தார்கள். யாரும் சாகவில்லையே, இருக்க வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, இதற்குப் போய்த் தீட்டு என்ன என்று சிலர் பாயசம் வைத்தார்கள். சங்கரவடிவு குளித்துவிட்டு வந்து பாயசம் வைத்தாள்.

தைப்பொங்கலுக்குத் துணியெடுக்க அக்காளும் தம்பியும் மீனலோசனிக்குப் போனார்கள். கொம்பையாவின் பழைய சட்டைகள் எதுவும் அவனுக்குப் பற்றவில்லை. எஸ்தர் அவர்களைப் பார்த்ததும் ஆண்கள் பகுதிக்குத் தானே கூட்டிக்கொண்டு போய், பெரிய அளவாகப் பார்த்து எடுத்துப் போட்டாள். அவன் கூச்சத்தோடு அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தான். கழற்றிய சட்டை ஸ்டூலில் கிடந்தது. மூன்று பேரும் அதையே கொஞ்சநேரம் பார்த்தார்கள். அது கிடந்தபடி கிடந்தது.

"அக்காவுக்கு?" என்றாள் எஸ்தர்.

தங்கம் யோசித்தாள். இதுவரை அவள் எடுத்ததெல்லாம் அளவுக்காக எடுத்தவை. இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் எதையும் கேட்டதில்லை. முதல்முறையாக அடுக்கிய துணிகளின்மேல் விரலை ஓடவிட்டு, ஒன்றை இழுத்து, வேண்டாமென்று வைத்து, இன்னொன்றை இழுத்தாள். கொம்பையாவுக்குக் கால் வலித்தது. எஸ்தர் அவனுக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டாள். கடைசியில் சிவப்பில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட ஒன்றை அவள் எடுத்தாள். அது பொருந்துமா என்று போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

பொங்கலுக்கு மறுநாள் அந்தச் சிவப்புச் சுடிதாரோடு அவள் வாசலில் கரும்புச் சக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஆட்டோ வந்து நின்றது. இந்த முறை கணேசமூர்த்தி தெருமுனையில் நிறுத்தவில்லை, வாசலுக்கே வந்துவிட்டார். பின்சீட்டிலிருந்து கனிஷ்கா இறங்கினாள். அவள் கையில் மஞ்சள் சுடிதார் சுருட்டியபடி இருந்தது, ஒரு நுனி தரையில் இழுபட்டது.

"முந்தாநாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்படிக் கெடக்கு டீச்சர்" என்றார் அவர். "அதுலேர்ந்து கீழ வைக்க மாட்டேங்கா. சாப்பிடல. உங்கட்ட கேக்கணுமாம்."

பிள்ளை தங்கத்தை அண்ணாந்து பார்த்தது. "இதுக்குள்ள இருந்தவங்க எங்க?"

தங்கம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பிள்ளையின் உயரத்துக்குக் குத்த வைத்து உட்கார்ந்தாள். தம்பிக்குள் போய்விட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். சாமியிடம் போனார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒருமுறை யாரோ சொல்லியிருப்பார்கள்.

"நான்தான் அதுக்குள்ள இருந்தேன்" என்றாள்.

பிள்ளை அவளுடைய தோளைப் பார்த்தது, கையைப் பார்த்தது, கழுத்தெலும்பைப் பார்த்தது. நம்பவில்லை. ஆனால் அழவும் இல்லை. கிட்டே வந்து அவளுடைய கழுத்தடியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்தது. பிறகு கையிலிருந்த மஞ்சளை மோந்தது.

தங்கம் வாசற்படியில் உட்கார்ந்து மடியை விரித்தாள். பிள்ளை தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தது, உடனே நெளிந்தது.

"குத்துது" என்றது.

"குத்தும். எலும்பு இருக்குல்லா. கொஞ்ச நேரத்துல பழகிரும்."

பிள்ளை இடதுபக்கம் சாயப் பார்த்தது. "அந்தப் பக்கம் வேண்டாம் ராசாத்தி, தையல் போட்ட எடம். இந்தப் பக்கம் சாயி" என்று தங்கம் தாங்கித் திருப்பினாள். கணேசமூர்த்தி ஆட்டோவின் பக்கத்திலேயே நின்றார். கொம்பையா உள்ளேயிருந்து வந்து, புதுச் சட்டையின் பித்தான் வயிற்றில் இறுக, கதவு நிலையில் சாய்ந்து நின்றான். பிள்ளை ஒருமுறை புரண்டது, இன்னொரு முறை புரண்டது. மஞ்சள் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தங்கத்தின் உடம்பில் எலும்பு இல்லாத ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே காதை வைத்துக்கொண்டது.